ஆயா கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?

கெடிலக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வரும். எனக்கு அது போதாது.

நான் பிறந்து வளர்ந்தது மேல்பட்டாம்பாக்கம், ஆற்காடு லுத்தரன் சபை. வாக்கப்பட்டது அரியாங்குப்பம். கடலூரில் ஒரு பஸ் மாறினால் அம்மா வீடு வந்துவிடும். வீட்டுக்காரர் குடும்பம் பெந்தெகொஸ்தே. கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது, மறுநாள் அவர்கள் சபையில் வைத்து ஜெபம் பண்ணினார்கள். அன்றைக்கு யாரும் என் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, இப்போது கேட்கிறார்கள்.

முதலில் என் ஞானஸ்நானம் நடந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1991, ஐப்பசி மழை. அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறந்தபோது நான் ஒரு கிலோ இருநூறு கிராம். விடியும்வரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பா ஐயரை, அதாவது எங்கள் சபைக் குருவை, கூட்டிவர ஊருக்குக் கிளம்பினார். ராத்திரி பதினொரு மணி, கொட்டுகிற மழை, பஸ் கிடையாது. நெல்லிக்குப்பம் வரை ஒரு கரும்பு லாரியில் போய், அங்கிருந்து நடந்தாராம்.

இங்கே ஆஸ்பத்திரியில் ஆயா, அப்பாவைப் பெற்றவர், அம்மாவுக்குத் துணையாக இருந்தார். சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். மூன்றாம் வகுப்புவரைதான் படிப்பு. அம்மா குடிப்பதற்காகக் காய்ச்சி ஆற்றி வைத்திருந்த தண்ணீர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இருந்தது. எனக்கு மூச்சு விட்டுவிட்டு வந்ததாம். ஆயா நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, டம்ளரை எடுத்துப் போய், உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மூன்று தரம் என் தலையில் விட்டு, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னார். என் பெயரும் அந்த நிமிஷம் ஆயா வாயில் வந்ததுதான். அம்மா வேறு பெயர் யோசித்து வைத்திருந்தார்.

விடிந்தபிறகு அப்பாவும் ஐயரும் நனைந்துகொண்டு வந்தார்கள். நான் இருந்தேன். ஐயர் மறுபடி தண்ணீர் எடுக்கவில்லை. "பெரியம்மா செய்ததே ஞானஸ்நானம்" என்று சொல்லி ஜெபம் மட்டும் பண்ணினார். மூன்று மாதம் கழித்துக் கோயிலுக்குத் தூக்கிப் போனபோது சபையார் முன்னால் ஆயாவை நிற்க வைத்துக் கேட்டாராம்: கொடுத்தது யார், எதைக் கொண்டு கொடுத்தீர்கள், என்ன வார்த்தை சொன்னீர்கள், சாட்சி யார். ஆயா நான்குக்கும் பதில் சொன்னார். ஆயா வாழ்நாளில் கோயிலில் வாய் திறந்து பேசியது அந்த ஒரு தரம்தான். கல்யாணத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது பழைய பதிவேட்டில் என் வரியை நானே பார்த்தேன். கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஐயர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆயா பெயர். பக்கத்தில் "அவசர ஞானஸ்நானம்" என்று நீல மையில் எழுதியிருந்தது.

வீட்டுக்காரர் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பம் பிட்பார்கள், நாங்கள் இராப்போஜனம் என்பது. தட்டு வரிசையாக வரும், என்னிடம் வரும்போது பக்கத்தில் இருக்கிற அக்கா கையை நீட்டி எனக்கு மேலே வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். நான் பதினைந்து வயதில் ஞானோபதேசம் என்கிற போதனைக் கேள்வி பதில்களை முழுக்கப் பாராமல் ஒப்பித்து, அந்த விசுவாசத்தைச் சபையார் முன் என் வாயால் சொல்கிற திடப்படுத்தலை வாங்கி, அன்றிலிருந்து இராப்போஜனம் எடுத்துவருகிறவள். பாஸ்டரிடம் கேட்டேன். "உங்களுக்கு நடந்தது ஞானஸ்நானமே இல்லை, தலையில் தண்ணீர் விட்டார்கள், அவ்வளவுதான். ஜனவரி முதல் வாரம் முழுக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். என் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. அத்தை கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கர்ப்பமாக இருந்தபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறி ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தேன். அந்தச் சபையிலிருந்து ஒரு நாள் தவறாமல் யாராவது கஞ்சி கொண்டுவந்தார்கள். எனக்காக உபவாசம் இருந்தார்கள். அதனால்தான் இது இவ்வளவு கனமாக இருக்கிறது. நல்லவர்கள் சொல்வதைத் தட்டுவது எளிதாக இல்லை.

என் கேள்வி இரண்டு. ஒன்று, நான் தொட்டியில் இறங்கினால், ஆயா அந்த ராத்திரி செய்தது ஒன்றுமில்லை என்று நானே சொன்னதாகுமா? ஆயா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரிடம் கேட்க முடியாது. இரண்டு, மகள். எங்கள் வழக்கப்படி ஞானஸ்நானம் கொடுப்பதா, அவர்கள் வழக்கப்படி இப்போது பிரதிஷ்டை, அதாவது தண்ணீரில்லாமல் ஜெபித்துக் கடவுளுக்கு ஒப்படைப்பது, மட்டும் பண்ணிவிட்டு அவளே பெரியவளாகி முடிவெடுக்கட்டும் என்று விடுவதா?

வசனங்கள் எனக்கும் தெரியும், இரண்டு பக்கமும் தெரியும். இந்த இடத்தைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


படகுத்துறை

ஸ்தோத்திரம் சகோதரி. நான் கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன். நீங்கள் சொல்கிற அந்தப் பக்கத்துக்காரன் நான். அதனால் என் பக்கத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் கத்தோலிக்கக் குடும்பம். பிறந்த முப்பதாம் நாள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத் தகப்பன், ஞானத் தாய் எல்லாம் உண்டு. அதன்பிறகு இருபத்தேழு வயதுவரை நான் வாழ்ந்த வாழ்க்கையை இங்கே எழுத மாட்டேன். குடி என்று மட்டும் சொல்கிறேன். ஒருநாள் கர்த்தர் என்னைத் தொட்டார். பெண்ணையாற்றில், தை மாதம், ஆற்றுத்திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் விடியற்காலை, மார்பளவு தண்ணீரில் நின்றேன். பாஸ்டர் பின்பக்கமாகச் சாய்த்து முழுக்கி எடுத்தார். அந்த ஒரு நொடி தண்ணீருக்குள் சத்தம் எதுவும் கேட்கவில்லை. செத்துப்போனேன் என்று நினைத்தேன். ரோமர் ஆறாம் அதிகாரம் சொல்வது அதைத்தான்: அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு அவரோடு எழுந்திருப்பது. அடக்கம்பண்ணுவது என்றால் முழுக்க மூடத்தானே வேண்டும்.

வேதத்தில் வரிசை மாறவே இல்லை. மாற்கு 16:16, "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்". முதலில் விசுவாசம், பிறகு தண்ணீர். யோவான் ஸ்நானன் அயினோன் என்ற இடத்தில் கொடுத்ததற்குக் காரணமே அங்கே தண்ணீர் மிகுதியாக இருந்தது என்று யோவான் 3:23 சொல்கிறது. டம்ளர் போதுமென்றால் மிகுதியான தண்ணீர் எதற்கு? எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்பும் இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். நம் நாட்டில் மிஷனரி வில்லியம் கேரி 1800 டிசம்பரில் கிருஷ்ண பாலுக்குக் கொடுத்ததும் ஹூக்ளி ஆற்றில்தான்.

உங்கள் ஆயா செய்ததை நான் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். அது ஒரு பெரிய ஜெபம். கர்த்தர் கேட்டார், நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் அது ஆயாவின் விசுவாசம். உங்களுடையதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன நானே இதையும் சொல்கிறேன்: ஜனவரியில் எடுக்காதீர்கள். அத்தை பெயர் கொடுத்து எடுப்பது எங்கள் உபதேசத்தின்படியே தப்பு. குழந்தைக்குக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று சொல்கிற நாங்கள், முப்பது வயது தாண்டிய பெண்ணுக்குக் கேட்காமல் எப்படிக் கொடுப்போம்? எங்கள் பாஸ்டர் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்பார், கல்யாணத்துக்காக, வீட்டுச் சமாதானத்துக்காக என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் உள்ளத்தில் வந்தால் எடுங்கள். வராதவரை யாருக்காகவும் இறங்காதீர்கள்.


கெடிலக்கரை

நன்றி அண்ணா. நீங்கள் எழுதியதில் கடைசிப் பகுதியை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, போனை வாங்கி இன்னொரு தரம் படித்தார். ஒன்று கேட்கலாமா? உங்கள் அம்மா அப்போது என்ன சொன்னார்கள்?


படகுத்துறை

எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். "நான் உன்னைக் கடவுளிடம் கொடுத்தது போதவில்லையா" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குச் சரியான பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் செய்தது சரி என்று நம்புகிறேன், அம்மாவின் கேள்வியும் நியாயம் என்று நம்புகிறேன். குடியை விட்டது நிலைத்தபிறகுதான் பேசினார்.


சாம்பல் புதன்

நான் லாஸ்பேட்டை, சி.எஸ்.ஐ. உங்கள் நிலைமையில் நான் எடுத்துவிட்டேன், பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டில் சண்டை வேண்டாம் என்று எடுத்தேன். வெள்ளைச் சேலை கட்டி இறங்கும்போது பாஸ்டர் "உன் பழைய பாவத்தையெல்லாம் விடுகிறாயா" என்று கேட்டார், என் அப்பா என்னைக் கையில் ஏந்திக்கொண்டு கோயில் தொட்டியண்டை நிற்கிற பழைய போட்டோதான் கண்முன் வந்தது. ஆமாம் என்றேன். வெளியே வந்து அழுதேன், எல்லோரும் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்தார்கள். அந்தச் சபையில் இன்றும் இருக்கிறேன், நல்ல ஜனங்கள். ஆனால் மனதில்லாமல் சொன்ன அந்த ஆமாம் இன்றும் உறுத்துகிறது. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தங்கைக்கு வாழ்த்துகள். நான் திருப்பாதிரிப்புலியூர், உங்கள் சபைதான். டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்து, வேறு பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தினேன். ஐயரல்ல, ஆனால் இந்த விஷயத்தை நெடுநாள் படித்திருக்கிறேன். ஏனென்றால் என் மூத்த மகளும் இதே காரணத்தால் என்னோடு வாதாடியவள்.

படகுத்துறைத் தம்பி நேர்மையாக எழுதியிருக்கிறார். அவர் சொன்னதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எப்படி கொடுப்பது, எந்த வயதில் கொடுப்பது, இன்னொரு தரம் கொடுக்கலாமா. இவை மூன்றும் வேறு வேறு. கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தையை மூன்று தரம் முழுக்கவே முழுக்கி எடுக்கிறார்கள். அங்கே குழந்தையும் உண்டு, முழுக்கும் உண்டு. மாறாக 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில், குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று முதன்முதலில் ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டவர்கள் முழுக்கவில்லை, தலையில்தான் ஊற்றினார்கள். அவர்களுக்கு முக்கியம் விசுவாசம், தண்ணீரின் அளவல்ல. அதற்காக அவர்கள் உயிரையும் கொடுத்தார்கள். அவர்களில் ஃபெலிக்ஸ் மான்ஸை 1527இல் அதே ஊரில் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். கொன்றவர்கள் நம்மைப்போலச் சீர்திருத்தச் சபைக்காரர்கள். இதைப் படித்தபிறகு முழுக்குச் சபையாரிடம் நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

முழுக்குவது அழகான அடையாளம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் சபைக்குப் பெயர் தந்த லுத்தரே 1519இல் எழுதிய பிரசங்கத்தில் முழுக்குவதே அர்த்தத்துக்குப் பொருத்தம் என்றார். ஆனால் அளவை வைத்துச் செல்லும், செல்லாது என்று ஆதிச் சபை சொல்லவில்லை. டிடாக்கே என்று மிகப் பழைய நூல் ஒன்று உண்டு, அப்போஸ்தலர் காலத்தை ஒட்டியது. ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்த நீரில் முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. உங்கள் ஆயா மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றீர்கள். அந்த நூலைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அந்த ராத்திரி அவர் செய்தது எழுத்துக்கு எழுத்து அதுதான்.

வயது விஷயத்தில் இரண்டு பக்கமும் சான்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 200ஆம் ஆண்டை ஒட்டி கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற ஆதிச் சபை எழுத்தாளர், சிறுபிள்ளைகளுக்கு அவசரப்படாமல் தள்ளிவைப்பது நல்லது என்று எழுதினார். தள்ளிவைக்கச் சொன்னார் என்றால் அப்போதே கொடுத்துவந்தார்கள் என்றுதானே பொருள்? பிலிப்பியில் சிறைக்காவலன் வீட்டார் எல்லோரும் ராத்திரியோடு ராத்திரியாகப் பெற்றார்கள். அந்த வீட்டில் கைப்பிள்ளை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. நம் மண்ணில் மிஷனரி சீகன்பால்கு 1707இல் தரங்கம்பாடியில் கொடுத்த முதல் ஞானஸ்நானங்கள் பெரியவர்களுக்கு, போதித்த பிறகுதான். ஆக, வெளியிலிருந்து வருகிறவருக்கு முதலில் போதனை, விசுவாசிகளின் பிள்ளைக்கு முதலில் தண்ணீர், பிறகு போதனை, பிறகு திடப்படுத்தல். நீங்கள் பதினைந்து வயதில் சபையார் முன்னால் நின்று வாயால் சொன்னது உங்கள் விசுவாசம் இல்லாமல் வேறு யாருடையது? படகுத்துறைத் தம்பி அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது கேள்விதான் உங்களுடையது. இன்னொரு தரம் கூடுமா? நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இதே சண்டை வந்தது. கொடுத்த குருவானவர் துன்புறுத்தலின்போது விசுவாசத்தை மறுதலித்தவர், ஆகவே அவர் கொடுத்தது செல்லாது, மறுபடி கொடு என்றார்கள் ஒரு சாரார். 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் நடந்திருந்தால் மறுபடி வேண்டாம் என்றது. பின்னால் அகுஸ்தீன் என்ற ஆயர் அதை விரித்து, கொடுக்கிற கை யாருடையதாக இருந்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார். லுத்தர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். என் விசுவாசம் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு ஆடும். ஞானஸ்நானம் அதன்மேல் கட்டியிருந்தால் ஒவ்வொரு முறை ஆடும்போதும் மறுபடி இறங்க வேண்டும். அது கடவுளின் வாக்கின்மேல் நிற்கிறது, வாக்கு ஒரு தரம் போதும். சோதனை வரும்போதெல்லாம் "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்பதையே அவர் பிடிமானமாக வைத்திருந்தார்.

என் மகளிடம் இதெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். அந்த ஆராதனைக்கு நான் போகவில்லை. அது என் தப்பு. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா வரவில்லை என்பதை அவள் ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறாள், நானும் நினைக்கிறேன். ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் போனாலும், வராத ஆளை வெறுக்காதீர்கள். வர மாட்டேன் என்கிறவரை இன்னொரு தரம் கூப்பிடுங்கள்.

குழந்தை விஷயத்தில் என் கருத்து தெளிவு: கொடுங்கள். வட இந்தியத் திருச்சபை 1970இல் உருவானபோது பாப்டிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். குழந்தைக்குக் கொடுக்கிற வீடும், பிரதிஷ்டை பண்ணிவிட்டுக் காத்திருக்கிற வீடும் ஒரே சபையில் இருக்க வழி வைத்துக்கொண்டார்கள். ஆகவே காத்திருப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு நடந்ததை நீங்கள் நம்புகிறீர்கள் என்றால், அதை மகளுக்குக் கொடுக்காமல் இருக்க உங்களால் முடியாது.


வில்லியனூர் அம்மா

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கப் பெண், வில்லியனூர் லூர்து மாதா கோயில் பங்கு. புதுச்சேரியில் பிரசவ வார்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். ஆசிரியர் ஐயா எழுதிய சரித்திரம் எனக்குத் தெரியாது. அந்த டம்ளர் தெரியும்.

கண்ணு, உன் ஆயா நின்ற இடத்தில் நான் எத்தனையோ ராத்திரி நின்றிருக்கிறேன். எங்களிடம் டம்ளர்கூட இருக்காது. சின்னக் கிண்ணம், இல்லையென்றால் மருந்து உறிஞ்சும் குழாய். குறைமாசக் குழந்தைக்குத் தண்ணீர் சில்லென்று பட்டால் உடம்புச் சூடு போய்விடும், அதனால் கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நெற்றிக்கு மேலே முடி ஆரம்பிக்கிற இடத்தில் மூன்று சொட்டு. கண்ணில் வழியாமல் பஞ்சால் ஒற்றிவிடுவோம். பெற்றவர்கள் கேட்டால்தான் செய்வேன். கேட்காதவர்கள் பிள்ளைக்குச் செய்ததில்லை. அது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை.

எங்கள் சபையின் சட்டம் இதில் ரொம்பத் தெளிவு. அவசரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாதவர்கூட. தண்ணீர் வேண்டும், அந்த வார்த்தை வேண்டும், திருச்சபை செய்வதையே நானும் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். ஒரு ராத்திரி நான் பிரசவ அறையில் கையெடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். வெளியே ஒரு குழந்தை கடைசி மூச்சில் இருந்தது, தகப்பன் அழுகிறார், "யாராவது ஞானஸ்நானம் கொடுங்கள்". வார்டு ஆயாம்மா இந்து, மாசி மகத்துக்குத் தவறாமல் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிறவர். நான் உள்ளேயிருந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கத்திச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லித் தண்ணீர் விட்டார். விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றார். மறுநாள் பங்குச்சாமியிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பதிவேட்டில் அந்த ஆயாம்மா பெயரை எழுதினார். அந்தக் குழந்தை நாற்பது நிமிஷம் இருந்தது.

நீ எங்கள் சபைக்கு வந்தால் உனக்கு மறுபடி தண்ணீர் விட மாட்டோம். உன் ஆயா கொடுத்ததை அப்படியே ஏற்போம். அதைத் தெரிந்துகொள்.

ஆனால் ஒரு விஷயம் பயத்தினால் செய்யாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருமுழுக்கு இல்லாமல் செத்த குழந்தை மோட்சம் போகாது, லிம்போவில் இருக்கும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதைக் கேட்டுத் தாய்மார்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு பங்கில் அப்படிப்பட்ட குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கவே இடம் தரவில்லை, வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அந்தத் தாய் எனக்குத் தெரிந்தவள். 2007இல் ரோமில் இறையியல் குழு, அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து நம்பிக்கையோடு இருக்கக் காரணம் உண்டு என்று எழுதியதைச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அப்போது அறுபது வயது. கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதனால் உன் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஓடிப்போய்க் கொடுக்காதே. நல்லபடியாக இருக்கிற பிள்ளை. சந்தோஷமாகக் கொடு. அப்புறம், உன் அத்தையிடம் அவருடைய ஞானஸ்நானத்தைப் பற்றி என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?


கெடிலக்கரை

கேட்டதில்லை, அம்மா. உங்கள் கடைசி வரியைப் படித்தபிறகுதான் தோன்றியது. நான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், கேட்டதே இல்லை.

போன சனிக்கிழமை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். அத்தை விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். இருபத்து நான்கு வயதில், மாமா இறந்த வருஷம், கைப்பிள்ளையாக என் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு, ஊர் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். கரையில் நின்று அவருடைய அண்ணன்மார் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஏறி வந்தபோது, இனி எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார்கள். தாய் இறந்தபோதுகூட அத்தையை உள்ளே விடவில்லை. தெருவில் நின்று பார்த்தாராம். "அன்றைக்கு எனக்குப் போனது போனதுதான். உனக்கு உன் ஆயா கொடுத்தார்கள், உனக்கு எதுவும் போகவில்லை. அதனால் அது என்னமோ எனக்கு லேசாகத் தெரிகிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நானும் ஆயாவின் கதையை முழுதாகச் சொன்னேன். அத்தைக்கு நான் ஏழு மாதக் குழந்தை என்பது தெரியும், டம்ளர் விஷயம் தெரியாது. கீரையை வைத்துவிட்டுக் கேட்டார். "அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரிப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அத்தையே பாஸ்டரிடம் சொன்னார். அப்பத் தட்டு இனிமேலும் எனக்கு மேலேதான் போகும், அதில் மாற்றமில்லை. பாஸ்டர் அதில் உறுதியாக இருக்கிறார். முதல் ஞாயிறுகளில் நான் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் ஞாயிறு பட்டாம்பாக்கம் போய் அங்கே எடுத்துக்கொள்வேன். வலிக்கும், ஆனால் ஆயா கொடுத்ததை விட்டுக்கொடுத்தால் அதைவிட வலிக்கும். ஆசிரியர் ஐயா எழுதிய திடப்படுத்தல் விஷயம் எனக்கு ரொம்பப் பலமாக இருந்தது. அன்று நான் சொன்னது என் சொந்த வார்த்தைதான். யாரும் எனக்காகச் சொல்லவில்லை.

மகளுக்கு மார்கழி இரண்டாம் ஞாயிறு, எங்கள் கோயிலில். வீட்டுக்காரர் வருகிறார். "நான் முழுக்கு எடுத்தவன், எனக்கு இதில் இன்னும் தெளிவில்லை. ஆனால் தொட்டியண்டை உன் பக்கத்தில் நிற்பேன்" என்றார். அத்தை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஐயா சொன்னபடி இன்னொரு தரம் கூப்பிட்டேன், அப்போதும் வர மாட்டேன் என்றார். ஆனால் அன்றைக்கு விடியற்காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தானே உடுத்திவிட்டு அனுப்புவதாகச் சொன்னார். பஸ்ஸில் வேண்டாம், குளிர்காற்று அடிக்கும், கார் வைத்துக்கொண்டு போங்கள் என்று பணமும் கொடுத்தார்.

அந்தப் பழைய நூலில் வெந்நீரும் ஆகும் என்று ஐயா எழுதியிருந்தீர்களே, எங்கள் ஐயரிடம் கேட்டுவிட்டேன். ஃபிளாஸ்கில் கொண்டுவரச் சொன்னார்.